பட்டாணிக் காயில் எத்தனை மணி? மாறுபாட்டைச் சிறுவர்கள் யோசிக்கும் விதம் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: மேல்மலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறேன். கணக்குப் புத்தகத்தில் தகவல் செயலாக்கம் என்று வரும் பகுதி, நேர்க்கோட்டுக் குறி இட்டு எண்ணுவதோடும் படம் வரைவதோடும் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எண்ணி முடித்த பிறகு அந்த எண்களைப் பார்த்து என்ன யோசிக்கலாம் என்பதையும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

ஊரில் பட்டாணி பறிக்கும் பருவம் என்பதால் பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி காய் கொண்டுவந்தார்கள். கரும்பலகையின் அடியில் ஒரு கோடு போட்டு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன். ஒவ்வொரு காயாக உரித்து, மணிகளை எண்ணி, அந்த எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனோம். ஆறு, ஏழு, எட்டு ஆகியவற்றின் மேல் புள்ளிகள் உயர்ந்து நின்றன. மூன்றின் மேல் ஒன்றிரண்டும் பத்தின் மேல் ஒன்றுமாக ஓரங்களில் சில கிடந்தன.

பிறகு உரிக்காத ஒரு காயை எடுத்துக் காட்டி, “இதற்குள் எத்தனை மணி இருக்கும்?” என்று கேட்டேன். ஒரு சிறுமி, “ஏழு. ஏழுதான் நிறையத் தடவை வந்திருக்கிறது” என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன், பத்து ஒரே ஒரு முறைதான் வந்தது என்பதால் இனிமேல் அதன் முறை என்று வாதாடினான். இன்னொருவன், தொட்டுப் பார்க்காமல் சொல்லவே முடியாது என்று உறுதியாக மறுத்தான். “எங்கள் காட்டுக் காயா, அவர்கள் காட்டுக் காயா?” என்று திருப்பிக் கேட்டவளும் உண்டு. மூன்று மணிக் காயைப் பற்றிக் கேட்டபோது, அது கடைசியாகப் பூத்த பூ, தண்ணீர் பாயாத ஓரத்துச் செடி, பூச்சி கடித்தது என்று காரணங்கள் கொட்டின. ஆறிலிருந்து எட்டுக்குள் இருக்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இதற்கிடையே ஒரு சண்டையும் வந்தது. ஒரே காயை இருவர் எண்ணி, ஒருவர் ஏழு என்றும் மற்றவர் எட்டு என்றும் சொன்னார்கள். காம்புப் பக்கத்தில் கடுகளவில் சூம்பிக் கிடந்த ஒன்றை ஒருவர் சேர்த்திருந்தார், மற்றவர் விட்டிருந்தார்.

இந்தப் பதில்களைத் தவறு என்று திருத்த வேண்டுமா, அல்லது இவற்றிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாமா? சராசரி என்பதை இந்த வயதில் சொல்லிக்கொடுத்துவிட்டால் தெளிவு பிறக்குமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: குன்னூரிலிருந்து, கணிதக் கல்வி

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். நீங்கள் எழுதியுள்ள பதில்கள் ஒவ்வொன்றும் உலகின் பல இடங்களில் ஆய்வாளர்கள் கேட்டுப் பதிவு செய்தவையே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளிடம் குறை எதுவும் இல்லை.

இத்துறையின் தொடக்கப் புள்ளியாக, குழந்தை உளவியலாளர்களான பியாஜேயும் இன்ஹெல்டரும் 1951-இல் வெளியிட்ட நூலைச் சொல்வார்கள். ஒரு தட்டின் ஒரு முனையில் சிவப்பு மணிகளையும் வெள்ளை மணிகளையும் தனித்தனியே வரிசையாக வைத்து, தட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் என்ன ஆகும் என்று அவர்கள் குழந்தைகளைக் கேட்டார்கள். மிகச் சிறியவர்களில் பலர், மணிகள் உருண்டு போய்த் திரும்பித் தத்தம் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கண்ணெதிரே கலந்துபோன பிறகும், இன்னும் சாய்த்தால் பிரிந்துவிடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ ஏழு வயதுக்குப் பிறகே தற்செயல் என்ற எண்ணம் உருவாகத் தொடங்குகிறது என்பது அவர்களின் முடிவு. அதற்கு மாறான சான்றுகளும் பின்னர் வந்தன. 2008-இல் ஷூ, கார்சியா என்ற ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டியிலிருந்து பந்துகளை எடுத்துக் காட்டினார்கள். பெரும்பாலும் சிவப்புப் பந்துகள் நிறைந்த பெட்டியிலிருந்து பெரும்பாலும் வெள்ளைப் பந்துகள் வெளிவந்தபோது, குழந்தைகள் அதை அதிக நேரம் உற்றுப் பார்த்தார்கள். பேச்சு வருவதற்கு முன்பே ஏதோ ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லாக்கவும் அதை வைத்து வாதிடவும்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன.

ஆறிலிருந்து எட்டுக்குள் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது ஒரு காயைப் பற்றி. எத்தனை என்று கேட்டால் ஓர் எண்ணைத்தான் பிள்ளைகள் சொல்வார்கள். இதற்கு நல்ல சான்று உண்டு. 1996-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான மாணவர் மதிப்பீட்டில், ஐம்பது சிவப்பு, முப்பது நீலம், இருபது மஞ்சள் என நூறு மிட்டாய்கள் கலந்திருக்கும் பெட்டியிலிருந்து பத்தை எடுத்தால் எத்தனை சிவப்பாக இருக்கும் என்று கேட்டார்கள். ஐந்து என்பது எதிர்பார்த்த விடை. மைக்கேல் ஷாக்னசி என்ற கணிதக் கல்வியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றினார்கள். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பத்து எடுத்து, எண்ணிவிட்டு, திரும்பப் போட்டால் அந்த ஆறு எண்களும் என்னென்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். கேள்வி மாறியவுடன் பிள்ளைகளுக்குள் இருந்த வேறுபாடு வெளியே வந்துவிட்டது. ஆறு முறையும் ஐந்தே வரும் என்று எழுதியவர்கள், பூஜ்யம் முதல் பத்து வரை எதுவும் வரலாம் என்று பரப்பியவர்கள், நான்கு ஐந்து ஆறு என்று நடுவைச் சுற்றி எழுதியவர்கள் எனப் பல வகையினர் இருந்தார்கள். மாறுபாட்டைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஓர் எண்ணைக் கேட்கும் கேள்வியால் அறிய முடியாது.

ஆகவே அடுத்த முறை பத்துக் காய்களை மேசையில் வைத்து, “இந்தப் பத்துக்கும் புள்ளி வைத்தால் படம் எப்படி இருக்கும், வரைந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். உரிப்பதற்கு முன்பே ஒவ்வொருவரும் தம் நோட்டில் பத்துப் புள்ளிகளை வைத்துவிட வேண்டும். தொட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது என்ற பையனும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறேன். அவன் சொல்வது ஒரு காயைப் பொறுத்தவரை முழு உண்மை. இதே போக்கைக் கிளிஃப் கொனால்ட் 1989-இல் கல்லூரி மாணவர்களிடமே கண்டு எழுதியிருக்கிறார். நிகழ்தகவைக் கேட்டால்கூட, அடுத்து நடக்கப்போவதைச் சொல்லச் சொல்கிறார்கள் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஏழு என்று சொன்ன சிறுமியைப் பற்றி ஒரு வரி. சராசரியை அதிகமாக வரும் எண்ணாகக் காண்பது இந்த வயதில் மிக இயல்பு. மோக்ரோஸ், ரசல் ஆகியோர் 1995-இல் எழுதிய ஆய்வில் இது தெளிவாக விளக்கப்பட்டிருக்கிறது. கூட்டி வகுக்கும் முறையை முந்திக்கொண்டு கற்ற பிள்ளைகள், அதுவரை தங்களுக்கு இருந்த இத்தகைய பொருளுள்ள எண்ணங்களைக் கைவிட்டுவிடக்கூடும் என்ற கவலையையும் அவர்கள் எழுப்பினார்கள். எனவே சராசரியைச் சொல்லிக்கொடுக்க அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 2: கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி

நான் ஆசிரியர் அல்லன். ஆனாலும் இந்தக் கேள்வி என் வீட்டில் நடப்பதைத் தொடுகிறது. எங்கள் தோட்டத்தில் பறிக்கும் பச்சைத் தேயிலையின் எடையை என் மகள் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள். அவளுக்கு ஒன்பது வயது. ஒரு சுற்றில் எடை கூடினாலும் குறைந்தாலும் அவள் காரணம் சொல்லாமல் விடமாட்டாள்: மழை பெய்தது, வெயில் காய்ந்தது, உறைபனி விழுந்தது, மேல் பாத்தி கவாத்து செய்து இன்னும் துளிர் வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவை சரியான காரணங்களே. காரணம் தேடுவதைப் பிள்ளைகளின் அறியாமை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். காட்டில் வளரும் பிள்ளைக்கு ஒரு செடி ஏன் இன்னொன்றைப் போல இல்லை என்று கேட்பதுதான் முதல் படிப்பு.

“எங்கள் காட்டுக் காயா, அவர்கள் காட்டுக் காயா?” என்று கேட்ட குழந்தையின் கேள்விதான் இவற்றில் சிறந்தது என்பேன். இரண்டு காட்டுக் காய்களுக்கும் இரண்டு நிறச் சாக்கட்டியில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு காட்டுப் புள்ளிகள் வலப்பக்கம் தள்ளி நின்றால் அவள் சொன்ன காரணத்துக்கு வலு உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடந்தால் அந்தக் காரணம் நிற்காது. நீலகிரியில் மழையே இதற்கு உதாரணம். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கமும் அவலாஞ்சிப் பக்கமும் கொட்டும்போது எங்கள் கோத்தகிரிச் சரிவில் வெறும் சாரலோடு போய்விடும். எங்களுக்கு ஐப்பசி மழைதான் பெரிது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ததே, அந்த எண்ணையும் கோத்தகிரி எண்ணையும் ஒரே கோட்டில் கலந்து வைத்து மாவட்டத்தின் மழை என்று சராசரி சொன்னால், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அது பயன்படாது. எந்தெந்தப் புள்ளிகளை ஒன்றாக வைக்கலாம் என்று பிள்ளைகள் முதலில் பேசட்டும்.

சூம்பிய மணியைப் பொறுத்தவரை, எங்கள் ஊரில் எடை போடும்போது நடக்கும் தகராறும் அதுதான்: ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் சண்டை குறையும். பிள்ளைகளே கூடி ஒரு விதி எழுதிக்கொள்ளட்டும்.

பதில் 3: உதகை, பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆயினும் கோத்தகிரி நண்பரின் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. காரணம் தேடுவது நல்லது. எல்லா வேறுபாட்டுக்கும் ஒரு தனிக்காரணம் இருந்தே தீரும் என்று பிள்ளை நம்பி வளர்வது நல்லதன்று. ஒரே செடியில், ஒரே நாளில் பறித்த இரண்டு காய்களில் ஒன்றில் ஆறும் மற்றொன்றில் எட்டும் இருக்கும். அதற்குப் பின்னால் மகரந்தமும் சூல்களும் சத்தும் சேர்ந்த ஆயிரம் சிறு காரணங்கள் உண்டுதான். ஆனால் அவற்றுள் எதையும் தனியே சுட்டிக் காட்டி இதனால்தான் என்று சொல்ல இயலாது. அங்கே நின்று, “இவ்வளவு ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும்” என்று சொல்லப் பழகுவதே புள்ளியியலின் தொடக்கம்.

இது பெரியவர்களுக்கும் கைவராத ஒன்று என்பதால்தான் வலியுறுத்துகிறேன். கானமன், டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்களின் மருத்துவமனைக் கேள்வி பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்குச் சுமார் 45 குழந்தைகளும் மற்றொன்றில் சுமார் 15 குழந்தைகளும் பிறக்கின்றன. பிறந்தவற்றில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஆண் குழந்தைகளாக இருக்கும் நாட்கள் ஓராண்டில் எந்த மருத்துவமனைக்கு அதிகம்? எண்ணிக்கை குறைந்தால் ஏற்ற இறக்கம் பெரிதாகும் என்பதால் சிறியதற்கே அதிகம். ஆனால் கேட்கப்பட்ட கல்லூரி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டுக்கும் ஏறத்தாழச் சமம் என்று விடையளித்தார்கள். நம் மலைப் பள்ளிகளில் இதன் விளைவைப் பார்க்கிறோம். பத்துப் பேர் தேர்வு எழுதும் பள்ளியில் இருவர் தவறினால் தேர்ச்சி எண்பது விழுக்காடு. அடுத்த ஆண்டு அனைவரும் தேறினால் நூறு. நூற்றுக்கணக்கானோர் எழுதும் பள்ளியில் இத்தனை பெரிய ஆட்டம் வராது. இரண்டு பிள்ளைகளால் வந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்டு எழுதுபவர்களும், அதற்கு ஏதாவது ஒரு காரணத்தைத் தேடி விடை எழுதுபவர்களும் பள்ளிப் பருவத்தில் ஒரு முறையாவது பட்டாணி உரித்து எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகையால் என் யோசனை இது. பிள்ளைகளை இரு பிரிவாக்குங்கள். ஒரு பிரிவு ஐந்து ஐந்து காய்களாக உரிக்கட்டும், மற்றது முப்பது முப்பதாக உரிக்கட்டும். ஒவ்வொரு குவியலிலும் காய்களை மணி எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் காயை எடுத்து அதன் எண்ணைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். இதற்குக் கூட்டலும் வகுத்தலும் தேவையில்லை; இரட்டைப்படைக் குவியலில் நடுவே இரண்டு காய் நின்றால் இரண்டையும் எழுதட்டும். ஐந்து காய்க் குவியல்களின் நடு எண்கள் அங்குமிங்கும் ஓடும், முப்பதின் எண்கள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கும். ஏன் என்று அவர்களையே கேளுங்கள். இடைநிலை அளவு என்ற பெயர் பின்னால் ஏழாம் வகுப்பில் வரும்போது வந்துகொள்ளட்டும், எண்கள் நடுவிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்று அளக்கும் பத்தாம் வகுப்பின் திட்ட விலக்கத்துக்கும் இதுவே அடித்தளம். சராசரிக்கு அவசரம் வேண்டாம் என்று குன்னூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நடு என்ற எண்ணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நடு இல்லாமல் விலகலைப் பற்றி எப்படிப் பேசுவது?

பத்து என்ற பையனை அப்படியே விடாதீர்கள். காய்க்கு நினைவு கிடையாது. முந்தைய காயில் எத்தனை இருந்தது என்பது அடுத்த காய்க்குத் தெரியாது என்பதை அவனே கண்டுபிடிக்கும்வரை உரிக்க விடுங்கள்.

மேல்மலை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்துக் காய்க்கு முன்கூட்டியே புள்ளி வைக்கும் முறையைச் செய்து பார்த்தோம். குன்னூரிலிருந்து எழுதியவர் சொன்னபடி அன்று பேச்சே மாறிவிட்டது. முந்தைய நாள் ஏழு என்று ஒற்றை எண் சொன்ன சிறுமி, ஏழின் மேல் மூன்று புள்ளிகளும் ஆறு, எட்டின் மேல் இரண்டிரண்டும் ஐந்து, ஒன்பதின் மேல் ஒவ்வொன்றும் வைத்து, கடைசிப் புள்ளியை எங்கே வைப்பது என்று நீண்ட நேரம் யோசித்து நான்கின் மேல் வைத்தாள். “ஒன்றாவது தள்ளிப்போய் வரும் டீச்சர், ஆனால் எதுவென்று தெரியாது” என்றாள். பத்தின் முறை என்று வாதாடிய பையன் பத்தின் மேல் நான்கு புள்ளிகள் வைத்திருந்தான். உரித்தபோது ஒன்றும் வரவில்லை. அடுத்த பத்துக் காய்க்கு அவன் இரண்டாகக் குறைத்துக்கொண்டான். முழுவதும் விடவில்லை.

சூம்பிய மணிக்குப் பிள்ளைகள் ஒரு விதி செய்தார்கள்: நகத்தால் அழுத்தினால் சாறு வரவேண்டும், வராவிட்டால் கணக்கில் இல்லை. அதன் பிறகும் ஓரிரு காய்களுக்கு இருவர் இரு எண் சொல்லத்தான் செய்தார்கள்.

காய்ப் பருவம் முடியப்போவதால், அந்த மிட்டாய்க் கேள்வியைப் புளியங்கொட்டைகளால் செய்யலாம் என்று நினைக்கிறேன். நூறு கொட்டைகளில் ஐம்பதுக்கு நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து ஒரு தூக்குவாளியில் போட்டிருக்கிறேன். எடுத்த பத்தைத் திரும்பப் போடாவிட்டால் தவறாகிவிடுமா? எந்த அளவு ஏற்ற இறக்கத்தை நான் எதிர்பார்க்க வேண்டும்?

குன்னூரிலிருந்து, கணிதக் கல்வி

அந்தச் சிறுமியின் பத்துப் புள்ளிகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனிக்காயைச் சொல்ல முடியாது, ஆனால் பத்துக் காய்களின் உருவத்தைச் சொல்ல முடியும் என்ற இரண்டையும் அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்திருக்கிறாள். பத்தை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்த பையனும் தரவைப் பார்த்துத்தான் மனத்தை மாற்றியிருக்கிறான். உதகை ஐயாவின் யோசனைப்படி அவனை இன்னும் உரிக்க விடுங்கள்.

புளியங்கொட்டைக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பிள்ளை பத்தையும் சேர்த்து எடுக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து உடனே திரும்பப் போடவும் செய்யலாம். நூறு கொட்டைக்கு இரண்டும் பெரிதாக வேறுபடா. ஆனால் அடுத்த பிள்ளை கை விடுவதற்கு முன்பு அந்தப் பத்தும் வாளிக்குள் திரும்பியிருக்க வேண்டும். போடாமல் விட்டால் பத்துப் பேரில் வாளி காலியாகிவிடும். சிவப்புகளின் கூட்டுத்தொகை ஐம்பதாகியே தீரும் என்பதால் கடைசிப் பிள்ளையின் எண் முன்னவர்களால் தீர்மானிக்கப்பட்டுவிடும். “இனிமேல் அதன் முறை” என்ற வாதம் அங்கே உண்மையாகவே சரியாகிவிடும்! அதைத் தனியே ஒரு நாள் செய்து காட்டி, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அந்தப் பையனிடமே கேட்கலாம்.

எதிர்பார்ப்பைப் பொறுத்தவரை, பத்தைச் சேர்த்து எடுக்கும்போது சரியாக ஐந்து சிவப்பு வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு முறைதான். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்றில் ஒன்று வருவது மூன்றில் இரண்டு முறையைச் சற்றே தாண்டும். மூன்றிலிருந்து ஏழுக்குள் விழுவது ஏறத்தாழப் பத்தில் ஒன்பது முறை. எனவே எல்லோருக்கும் ஐந்தே வந்தால் யாரோ வாளிக்குள் பார்த்து எடுக்கிறார்கள் என்று பொருள். இரண்டோ எட்டோ எப்போதாவது வந்தால் கொட்டை கலக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நகப்பூச்சு காய்ந்தபின் பொட்டு விரலுக்குத் தட்டுப்படும். சிவப்புப் பொட்டு இல்லாத கொட்டைகளுக்கும் நிறமற்ற பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.

எண்ணும்போது இருவர் இரு எண் சொல்வது குறித்து ஒன்று சேர்க்க வேண்டும். லேரர், ஷாபிள் ஆகியோரின் குழுவினர் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில், ஒரே கொடிக்கம்பத்தின் உயரத்தைப் பிள்ளைகள் அனைவரையும் தனித்தனியே அளக்கச் செய்தார்கள். அளவுகள் வேறுபட்டன, ஆனால் கம்பம் ஒன்றுதான். அளவுகள் நெருங்கி நிற்கும் நடுவிடமே உண்மையான உயரத்துக்கு அருகில் என்று பிள்ளைகள் வாதிட முடிந்தது. பட்டாணியில் அப்படி ஓர் உண்மையான எண் கிடையாது. காய்கள் உண்மையிலேயே வேறுபடுகின்றன. இந்த இரண்டு வகை வேறுபாடும் உங்கள் பலகையில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பள்ளிக் கம்பத்தையும் ஒரு நாள் அளக்கச் செய்து, அந்தப் புள்ளிப் படத்தைப் பட்டாணிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எதில் வேறுபாடு நம்மிடமிருந்து வந்தது, எதில் செடியிடமிருந்து வந்தது என்ற பேச்சு தானாக வரும்.

பட்டாணி என்றதும் மரபியலின் முன்னோடியான மெண்டலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1866-இல் அச்சான கட்டுரையில் அவர் 253 கலப்புச் செடிகளிலிருந்து கிடைத்த 7,324 மணிகளில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம் என்று எண்ணிச் சொல்கிறார். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இதுபோன்ற எண்ணிக்கைகளிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது. ஆனால் அதே கட்டுரையில் முதல் பத்துச் செடிகளின் எண்களையும் தனித்தனியே தந்திருக்கிறார்: 45-க்கு 12, 27-க்கு 8, 24-க்கு 7, 19-க்கு 10, 32-க்கு 11, 26-க்கு 6, 88-க்கு 24, 22-க்கு 10, 28-க்கு 6, 25-க்கு 7. ஒரு செடியில் 43 உருண்டைக்கு இரண்டே சுருக்கம், இன்னொன்றில் 14 உருண்டைக்கு 15 சுருக்கம் என்ற இரு எல்லைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் ஒன்பது செடிகளை மட்டும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். பத்தாவது செடியில் மொத்தம் 32 மணிகள் என்று சொல்லி, சுருக்க மணிகள் எத்தனையிலிருந்து எத்தனைக்குள் இருக்கும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்துத் தரச் சொல்லுங்கள். மிக அகலமாக எழுதியவர் எப்படியும் வென்றுவிடுவார் என்பதால், விடை உள்ளே விழுந்தவர்களில் மிகக் குறுகலாக எழுதியவருக்கே வெற்றி என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.